லீலாம்மா சிரித்த வாரம்

'கனகதாரா' வாரப் பத்திரிகைக்குப் படம் போட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியும் சுகதன் ஒரு தொடர்கதையைக்கூட முழுசாகப் படித்தது கிடையாது. படிக்கவேண்டிய அவசியமும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் மாத்துக்குட்டி சார் அவனைக் கூப்பிட்டு, "எடோ சுகதா, இந்த வாரம் ஜன்னல். அவ அழறா. வெளிய மழை" என்பார். அவ்வளவுதான். ஒரு ஜன்னல், ஒரு அழகி, கன்னத்தில் இரண்டு சொட்டு, பின்னால் சாய்வாகப் பத்து மழைக்கோடு. அரைமணியில் முடித்து, அச்சுக்கு பிளாக் செய்கிறவருக்கு அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். கோட்டயத்தில் அந்த நாளில் வாராவாரம் ஏழெட்டுப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் பெண்கள் அழுதார்கள். மாவேலிக்கரையில் முறையாகச் சித்திரம் படித்தவனான சுகதனுக்கு இதில் ஒரு பெருமையும் இல்லை. யாராவது கேட்டால், "கண்ணீர் டிப்பார்ட்மெண்ட்ல வேலை" என்பான்.

'லீலாம்மா' என்ற தொடர் ஒன்பதாவது வாரத்தை எட்டியபோது ஒருநாள் அலுவலகத்துக்கு போன் வந்தது. அவனைக் கேட்டு.

"நான் சோசம்மா பேசறேன். லீலாம்மாவை எழுதறவ."

"சொல்லுங்க சேச்சி."

"இந்த வாரம் நீங்க போட்டிருக்கீங்களே ஒரு கை, அது யாரோட கை?"

சுகதனுக்குப் புரியவில்லை. "லீலாம்மா கைதான்."

"லீலாம்மாவுக்கு வலது கட்டைவிரல்ல நகம் கிடையாது. ரெண்டாவது அத்தியாயத்துலயே ரோலர்ல மாட்டி நசுங்கிப் போச்சு. நீங்க நகம் மட்டுமா போட்டிருக்கீங்க, சாயம் வேற பூசி விட்டிருக்கீங்க."

"அது கதைக்கு அவ்வளவு முக்கியமா சேச்சி?"

"அதை அவகிட்டதான் கேக்கணும். சரி, லைன்ல ஆள் வந்துட்டாங்க." டக்கென்று வைத்துவிட்டார்.

வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அவர். வேலை நேரத்திலேயே கூப்பிட்டு வைதிருக்கிறார். சுகதனுக்குக் காது சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எந்த எழுத்தாளரும் அவன் படத்தில் குறை சொன்னதில்லை. பெண் போதுமான அளவுக்கு அழகாக இல்லை என்பதைத் தவிர. பழைய இதழ்களை எடுத்துக்கொண்டு, ஒரு தப்பாவது கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க உட்கார்ந்தான்.

லீலாம்மா ரப்பர் எஸ்டேட்டில், தட்டில் உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறவள். வேறு கிறிஸ்தவ சபைக்காரனைக் கட்டிக்கொண்டதால், அண்ணன் பாப்பச்சன் தன் வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று சத்தியம் செய்துவிட்டான். கட்டினவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வீட்டில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மகள் போய்ப் பார்ப்பாளா, அண்ணன் விடுவானா? கதை இவ்வளவுதான். இதே கதையைக் கோட்டயத்தில் இருபது பேர் எழுதியிருப்பார்கள். ஆனால் நான்காவது அத்தியாயத்தில் ஒரு இடம் வந்தது. சர்ச்சில் பக்கத்தில் நிற்கிற பணக்கார வீட்டுப் பெண் பார்த்துவிடாதபடி, நகம் போன விரலை லீலாம்மா ஜெபமாலைக்குள் சுருட்டி மறைத்துக்கொள்கிறாள். ஒரே வரி. அழுகை இல்லை, பெருமூச்சு இல்லை. அடுத்த வரியில் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. சுகதன் அந்த வரியைத் தாண்டிப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் தாண்டினான், மறுபடியும் வந்தான். அவன் வரைந்த அந்தக் கை எதிர்ப்பக்கத்தில் மினுமினுவென்று கிடந்தது. அவனுக்கே அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சிக்குழியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான் என்று சொல்லிவிட முடியாது. ஆளைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

வாசலில் பனியனோடு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தவர் சோசம்மாவின் கணவர் குருவிளா. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"வா மோனே, உக்காரு. சோசம்மா உள்ள லீலாம்மாவோட இருக்கா. பத்தரைக்குத்தான் வெளிய வருவா. அதுவரைக்கும் நீ எனக்குத்தான். சுளை எடு."

"நீங்க அத்தியாயத்தை முன்னாடியே படிச்சிடுவீங்க இல்ல?" என்றான் சுகதன்.

"சே! எல்லாரையும் போல வியாழக்கிழமை, நாகம்படம் ஸ்டாண்டு கடையில காசு குடுத்து வாங்கித்தான். முன்னாடியே தெரிஞ்சா வீட்ல இருக்க முடியாதப்பா. போன தொடர்ல அந்த வாத்தியாரைக் கொல்லப் போறான்னு எப்படியோ தெரிஞ்சு போச்சு. நல்ல மனுஷன், என்ன பாவம் பண்ணினான்? மூணு நாள் அவகூட நான் பேசல."

"அப்புறம்?"

"கொன்னுட்டா." குருவிளா பலாக் கறையை எண்ணெயில் துடைத்தார். "ஆனா அந்த அத்தியாயம் இருக்கே, நான் ஸ்டாண்டுல நின்னே படிச்சேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன்."

பத்தரைக்கு சோசம்மா வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, காதோரம் ஹெட்போன் அழுத்தி அழுத்தி முடி படிந்துபோன தடம். எழுதுகிற மேஜை என்று தனியாக இல்லை. தையல் மெஷினை உள்ளே மடக்கிவிட்டு அதன் பலகைமேல் பள்ளிக்கூட நோட்டு. அவ்வளவு பெரிய பெயருக்கு இவ்வளவு சின்ன இடமா என்று சுகதன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோபமா வந்தீங்களா, சும்மா வந்தீங்களா?" என்றார்.

"கோபமாத்தான் படிக்க ஆரம்பிச்சேன் சேச்சி. ஆனா..." நோட்டைக் காட்டினான். "இதெல்லாம் எங்கேருந்து வருது உங்களுக்கு? எக்ஸ்சேஞ்சுல கேக்கறதா?"

சோசம்மா சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. எங்களுக்கு ஹலோ வரைக்கும்தான் வேலை. பம்பாய்லேருந்து மகன் கூப்பிடுவான். இந்தப் பக்கம் அம்மாவை போஸ்ட் ஆபீசுக்கு வரவழைச்சு நிக்க வச்சிருப்பாங்க. ஹலோன்னு சொல்றதுக்கு முன்னாடி அவ ஒரு மூச்சு விடுவா. அது கேக்கும். ரெண்டு பக்கமும் ஹலோ வந்துட்டா நான் கழண்டுக்கணும். இருபத்திரண்டு வருஷமா அந்த மூச்சு வரைக்கும்தான் எனக்கு. அப்புறம் என்ன பேசினாங்கன்னு தெரியாது. அது வீட்டுக்கு வந்ததும் பாடாப் படுத்தும்."

"கொஞ்ச நேரம் கூடுதலா கேட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"கேட்டா வேலை போயிடும். அது கிடக்கட்டும், கதையும் போயிடும். தெரிஞ்சு போனதை எதுக்கு சுகதா எழுதறது?"

'நீங்க' போய் 'சுகதா' ஆனதை அவன் கவனித்தான். பஸ்ஸில் திரும்பும்போது, ஓவியக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததைவிட அந்த அரைமணி நேரம் கனமாக இருந்ததாக அவனுக்குப் பட்டது. அந்த வாரத்திலிருந்து அத்தியாயத்தைப் படிக்காமல் அவன் தூரிகையைத் தொடவில்லை. மாத்துக்குட்டி சார், "ஜன்னல்" என்று ஆரம்பித்தாலே, "நான் படிச்சுக்கறேன் சார்" என்று கையை நீட்டினான்.

பதினாறாவது அத்தியாயத்தில் லீலாம்மா கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். கேட்டில் இரண்டு பூட்டு. கம்பிக்கு வெளியே அவள். 'தொடரும்'.

பதினேழாவது வரவில்லை.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வலுத்திருந்த நேரம். முதல் வாரம், தொடரை எழுதுகிறவருக்கு உடல்நலமில்லை என்று கட்டம் கட்டிப் போட்டுச் சமாளித்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அத்தியாயம் வைத்த கவர் வரவில்லை. திங்கட்கிழமை காலை மாத்துக்குட்டி சார் எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலில் போன் இல்லாமலேயே எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டிருக்கும்.

"என்னம்மா இது? வாசகருங்க லெட்டரா போட்டுக் கொல்றாங்க!"

பதில் என்ன வந்ததோ, சார் முகம் போன போக்கைப் பார்த்து சுகதன் பக்கத்தில் போய் நின்றான். சார் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். சோசம்மாவின் குரல் அவனுக்கும் கேட்டது.

"கேட்டுக்கு முன்னால நிக்கறா சார். உள்ள போக மாட்டேங்கறா."

"எழுதறது நீதானே? தள்ளி விடு!"

"தள்ளிப் பார்த்துட்டேன் சார். நான் தள்ளினா விழறா, அழறா, அண்ணன் மனசு மாறறான். அப்படி மூணு தடவை எழுதினேன். மூணும் பொய். லீலாம்மா அங்க இல்லவே இல்ல, யாரோ ஒருத்தி அழுதிட்டிருக்கா."

போனை வைத்த சார் நெற்றியைத் தேய்த்தார். "எடோ, அவ நாளைக்குச் சாயங்காலம் தந்தாக்கூட ஆளைப் போட்டு அச்சுக் கோத்துடுவேன். பிளாக்குக்கு அவகாசம் இல்ல. நீ படத்தை இன்னைக்குக் குடுத்துடு. கேட்டு, பூட்டு, கம்பியைப் பிடிச்சு அழறா. எப்படியும் அதுதானே வரப் போகுது."

சுகதன் உட்கார்ந்தான். கேட் வந்தது, பூட்டு வந்தது. அழுகிற முகம் வரவில்லை. கை பழகிய முகம்தான், தூக்கத்தில்கூட வரைவான்; ஆனால் மூன்றும் பொய் என்று அந்த அம்மாள் சொன்ன பிறகு அந்த இரண்டு சொட்டுக் கண்ணீரை வைக்க அவன் கை கூசியது. இரண்டு அட்டையைக் கிழித்தான். பிறகு யாரிடமும் சொல்லாமல் பாம்பாடி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அங்கே ஒரு எஸ்டேட்டில் அவனுக்குத் தெரிந்த மேஸ்திரி இருந்தார். நல்லவேளை, இரண்டு நாளாக மழை விட்டிருந்ததால் ரப்பர் மரங்களில் பால் வெட்டு நடந்திருந்தது. ஷீட் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் ரோலர் வேலை முடித்து, கவிழ்த்துப் போட்ட தட்டுகள்மேல் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் தின்றுகொண்டிருந்தார்கள். புளித்த பாலும் ஆசிடும் கலந்த வாடை. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆசிட் தண்ணீரில் ஊறிய உள்ளங்கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சுகதன் அந்தக் கைகளையே பார்த்தான்.

"என்ன சாரே, கையையே பார்க்கறீங்க? ஜோசியமா?" என்றாள் ஒருத்தி.

"எனக்கு ரெண்டாம் கல்யாணம் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள் இன்னொருத்தி.

"முதல் ஒண்ணையே அவ இன்னும் அடிச்சு முடிக்கல சாரே!"

கொட்டகையே அதிர்ந்தது. ரோலரில் யாருக்காவது விரல் மாட்டியிருக்கிறதா என்று அவன் தயங்கிக் கேட்டபோது, ஜோசியம் கேட்டவளே நுனி இல்லாத ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு இன்னும் அடங்காமல், வாயில் கிழங்கோடு. சுகதன் நின்ற இடத்திலேயே பென்சிலை எடுத்தான்.

மூன்று மணிக்குப் படம் ஆசிரியர் மேஜைக்கு வந்தது. கவிழ்த்த தட்டின்மேல் லீலாம்மா. கையில் கிழங்கு, நகமில்லாத கட்டைவிரல் முன்னால். தலையைப் பின்னுக்குத் தள்ளி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"இவ ஏன் சிரிக்கறா?" என்றார் மாத்துக்குட்டி சார்.

"தெரியாது சார்."

"தெரியாமலா போட்டே? அம்மா சாகக் கிடக்கா, கேட்டு பூட்டிக் கிடக்கு, இவளுக்கு என்ன சிரிப்பு?"

"சேச்சிக்குத் தெரியும்னு தோணுது."

வேறு படம் போட நேரம் இருந்திருந்தால் சார் அதைக் கிழித்துத்தான் இருப்பார். முணுமுணுத்துக்கொண்டே பிளாக்குக்கு அனுப்பினார். சுகதன் பென்சில் படத்தைச் சைக்கிளில் கொண்டுபோய் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கொடுத்துவிட்டு வந்தான். அரைமணியில் போன்.

"இவ ஏன் சிரிக்கறா?"

"எனக்குத் தெரியல சேச்சி."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

செவ்வாய் நாலு மணிக்குக் குருவிளா மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்தார். கவரை பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு கட்டியிருந்தார். "நான் பிரிக்கல, சத்தியம். அவ லீவு போட்டுட்டு விடியக்காலையிலேருந்து உள்ள உக்காந்துட்டா. கதவைத் தட்டினா உதைப்பேன்னுட்டா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தலை துவட்டக்கூட நிற்காமல் போய்விட்டார். தாமதித்தால் யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

பதினொரு பக்கம். சுகதனும் மாத்துக்குட்டி சாரும் ஒரே நேரத்தில் குனிந்து படித்தார்கள்.

கேட்டிலிருந்து ஆரம்பிக்கவில்லை. மறுநாள், ஷீட் கொட்டகையில், கிழங்கு தின்கிற நேரத்தில் ஆரம்பித்தது. லீலாம்மா கூட வேலை செய்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறாள். கேட்டுக்கு முன்னால் ஒருமணி நேரம் நின்றாளாம். அண்ணன் வேண்டுமென்றே உள்ளே விளக்கை அணைத்தானாம். கால் கடுத்தது. அப்போது ஒரு ஆடு அவளைத் தாண்டி, மதில் ஓரமாக நடந்து, முனையில் திரும்பி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே ஆடு கேட்டுக்கு உள்ளே நின்று பாப்பச்சனின் செம்பருத்தியை மென்றுகொண்டிருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். மழையில் பக்கத்து மதில் பத்தடிக்குச் சரிந்து கிடந்தது. இரண்டு பூட்டும் பத்திரமாகத்தான் இருந்தன. "நானும் ஆட்டுக்குப் பின்னாலேயே போயிட்டேன்டீ" என்று சொல்லும்போது லீலாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சொல்லி முடிக்க முடியவில்லை. கொட்டகை முழுக்கச் சிரிக்கிறது. அங்கேயே 'தொடரும்'.

சுகதன் படத்தில் இருந்த தட்டும் கிழங்கும் விரலும் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவன் கனவிலும் காணாத இடத்திலிருந்து வந்திருந்தன.

மாத்துக்குட்டி சார் போனை எடுத்து, சோசம்மாவின் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னார். "பதினாறு வாரமா நின்ன மதில் இப்ப எப்படிம்மா இடிஞ்சுது? வாசகன் கேக்க மாட்டானா?"

சுகதனுக்கு இந்தப் பக்கமே நன்றாகக் கேட்டது. "இடவப்பாதி சார். இந்த மழையில கோட்டயத்துல யார் வீட்டு மதில் நின்னுச்சு? உங்க வீட்டு வடக்கு மதில் என்ன ஆச்சு?"

சார் வீட்டு வடக்கு மதில் வெள்ளிக்கிழமைதான் விழுந்திருந்தது. போனை வைத்துவிட்டு, "கோக்கச் சொல்லு" என்றார்.

வியாழன் கழிந்து இரண்டு நாளில் சங்கனாச்சேரி பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு நர்ஸ்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ஆடு செம்பருத்தி தின்றதைச் சொல்ல, இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மடியில் 'கனகதாரா' விரிந்து கிடந்தது. அது நான் போட்ட படம் என்று சொல்ல சுகதனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கடிதங்களும் வந்தன. அழ வைக்காமல் ஏமாற்றிவிட்டீர்கள் என்று திட்டி எழுதினவர்களும் உண்டு. மொத்தத்தில் திட்டு குறைவு.

ஞாயிறு அவன் கஞ்சிக்குழிக்குப் போனபோது உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது. சோசம்மா அதை முகத்திலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"படத்தைப் பார்த்து எழுதினேன்னு நினைச்சிட்டு வந்திருக்கியா?"

"அப்படி இல்ல சேச்சி..."

"நினைச்சா தப்பில்ல. படத்தைப் பார்த்து முதல்ல நாலு பக்கம் எழுதினேன். கிழிச்சுட்டேன். அவ்வளவும் உன் படத்துக்கு விளக்கவுரை. அப்புறம் உன்மேல கோபம் கோபமா வந்துச்சு. பதினாறு வாரம் அவகூட நான் குடித்தனம் பண்ணியிருக்கேன். எதுக்கு அழுவான்னு தெரியும், எதுக்குப் பயப்படுவான்னு தெரியும். எதுக்குச் சிரிப்பான்னு எனக்குத் தெரியல. ஒருத்தியைப் பத்தி அதுகூடத் தெரியாம நாவல் எழுதறேன்னு உக்காந்திருக்கேனே, எனக்கே வெக்கமாயிடுச்சு. அதான் அவகிட்டயே கேட்டேன். சொல்லுடீ, எதுக்குச் சிரிக்கறேன்னு. உடனே சொல்லிடுவாளா? காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் பேனாவை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

"ஒண்ணும் எழுதாமலா?"

"அதுதான் எழுதறது. மத்தது கையெழுத்து. கேட்டுக்கு முன்னால நின்னு என்னால எழுத முடியல. மறுநாளுக்குப் போயிட்டேன். கஷ்டம் தாண்டினவங்க அதைச் சொல்ற குரல் வேற மாதிரி இருக்கும். அந்தக் குரல் கிடைச்சதும் அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. ஆடு வந்தப்ப எனக்கே தெரியாது. நான் சிரிச்ச சத்தத்துல இவர் ஓடி வந்துட்டார்."

"வந்தேன், ஆனா கதவுக்கு வெளியவே நின்னேன்" என்றார் குருவிளா, திண்டில் சாய்ந்தபடி.

சுகதன் தையல் மெஷின் பலகையைப் பார்த்தான். அவன் கர்வம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டிருந்தது. அதனால் வருத்தமும் இல்லை. ஒரு காலைப் பொழுது முழுக்க மூடிய பேனாவோடு உட்கார்ந்து, பேசாத ஒருத்தி பேசுவதற்காகக் காத்திருப்பது. தன்னால் அரைமணி நேரம் முடியுமா என்று யோசித்துப் பார்த்தான்.

"அடுத்தது சுலபமா இருக்கும் இல்ல சேச்சி? அதான் உள்ள போயிட்டாளே."

"உள்ள போயிட்டா. அம்மாகிட்ட என்ன பேசுவா? எனக்கு இன்னும் ஒரு வார்த்தை தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயமாத்தான் இருக்கு. இந்தப் பயம் இருக்கற வரைக்கும் பரவாயில்ல."

திங்கட்கிழமை காலையில், படம் போடுகிற நேரத்துக்குக் கவர் வந்துவிட்டது. ஏழே பக்கம். கண் மங்கிப்போன அம்மா, லீலாம்மாவைக் கால் பிடித்துவிட வந்த புது வேலைக்காரி என்று நினைத்துக்கொள்கிறாள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கல் நெஞ்சுக்காரி என்று அவளிடமே குறை சொல்கிறாள். லீலாம்மா நான்தான் என்று சொல்வதில்லை. கால்களை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தபடியே, "ஆமா அம்மச்சி, அவ வந்திருக்கணும். அவ செஞ்சது தப்புதான்" என்கிறாள்.

மாத்துக்குட்டி சார் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். முப்பது வருஷமாகக் கண்ணீரை அச்சடித்தவர். "எடோ சுகதா," என்றார், "என்ன படம் போடப் போறே?"

சுகதன் தாள்களை மறுபடி முதல் பக்கத்திலிருந்து அடுக்கினான்.

"இருங்க சார். இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."